சீனியம்மா சொன்ன சொல்

இருபத்தேழு வருஷம் நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கொழும்புக் கோட்டுகளில் அந்த உத்தியோகத்துக்கு முதலியார் என்று பெயர். பெயர்தான் பெரிது, இருக்கத் தந்தது ஆடுகிற கதிரை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் தட்டில் சும்மா இருக்கிறேன். "கோயிலுக்காவது போட்டு வாங்கோவன்" என்று மனைவி கரைச்சல் படுத்துகிறாள். எனக்குக் கோயில் வேண்டாம். அந்தக் கோட்டு விறாந்தையின் காலை நேரந்தான் வேண்டும், அதிலும் சீனியம்மா வந்த காலைகள்.

சீனியம்மா கொட்டாஞ்சேனைக்காரி. என்ன தொழில் என்று பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்காது. ஆண்களிடம் காசு வாங்கிக்கொண்டு படுத்தாள், அதில் பிள்ளையை வளர்த்தாள். மாதத்துக்கு ஒரு தரமாவது பொலிஸ் கொண்டுவந்து நிறுத்தும். காசு வாங்கியது இந்த நாட்டில் குற்றமில்லை. அதற்காக வீதியில் அலைந்து திரிந்ததுதான் குற்றம். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன கண்டறியாத சட்டம். முதல் நாள் இதை நான்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நடந்ததுக்குத்தான் தண்டமுங்களா? ஹோட்டலுக்குக் காரு அனுப்பிக் கூப்புடுறாங்களே, அந்தப் பொம்பளைங்களுக்கு?"

"அவை வீதியில நிக்கிறேல்லை."

"காசு இருக்கவ எதுக்குங்க வீதியில நிக்கிறா? அப்ப இது இல்லாதவளுக்குன்னே போட்ட சட்டம்."

எனக்குச் சரியான கோபம். சட்டப் புத்தகத்தோடு கிடந்து நரைத்தவன் நான். எனக்கு ஒரு நாளும் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது? "உடம்பை விக்கிறதுக்கு நியாயம் கதைக்கிறாய், என்ன?" என்று பாய்ந்தேன்.

"வித்திருந்தா எப்புடிங்க இங்க ஒக்காந்திருக்கேன்? அது எங்கிட்டதான இருக்கு" என்று சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு பிளேன்டீ சொன்னாள். முதல் நாள் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு அவள் வராத மாதம் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

அவள் கதை துண்டு துண்டாகத்தான் வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் வெள்ளவத்தையில் எங்களைப் போன்ற ஆட்களின் வீடு ஒன்றுக்கு வேலைக்கு வந்தாள். "ஆறு வருசங்க. சம்பளத்தை ஒங்கப்பாகிட்ட குடுத்துட்டோம்னாங்க, அவரு செத்தே போயிருந்தாரு. அதுக்கு ஒரு பொலிசும் வரல. அப்புறம் துணி தைக்கிற கார்மண்ட். ஊசி வெரல்ல ஏறிருச்சு, துணியைச் சுத்திக்கிட்டுத் தைன்னான். அதுக்கும் வரல. இப்ப எங் கூலியை எங் கையால வாங்குறேன், ஒடனே வந்துர்றான்."

"இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்லுறாய்?" என்பேன். சொல்லாவிட்டால் நானே கேட்டிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

கூண்டில் ஏறினால் நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீர் குற்றவாளியா, சுத்தவாளியா? நான் வாய் திறக்குமுன் "குத்தவாளிங்க" என்றுவிடுவாள். குற்றவாளி என்றால் நூறு ரூபாய் தண்டம், மத்தியானம் வீட்டில். சுத்தவாளி என்றால் தவணை, பிணை, சட்டத்தரணி என்று வருஷக் கணக்கில் இழுபடும். யாருக்கு வேணும் அது?

ஒரு தரம் மட்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தக் கிழமை நடந்ததை நான் பிந்தித்தான் அறிந்தேன், இங்கே முந்திச் சொல்லிவிடுகிறேன். மகள் சுதர்சினி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம். புதுச் சேலை உடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போன சீனியம்மாவை, முகம் தெரிந்த பொலிஸ்காரன் பள்ளிக்கூட வாசலில் வைத்தே ஜீப்பில் ஏற்றினான். பிணையில் வந்து பள்ளிக்கூடத்துக்குப் போனால், வழக்குத் தள்ளுபடியான கடிதத்தோடு வா, இல்லாவிட்டால் பிள்ளையை வேறு இடம் பார் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

வழக்கு நாள் நல்ல மழை. நான் பிந்தி ஓடி வருகிறேன். விறாந்தையில் அவள் எழும்பி, "ஐயா, ஒரு வார்த்தை" என்றாள். "பிறகு, பிறகு" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். அவள் முறை வந்தது. கேள்வியைக் கேட்டேன்.

"சுத்தமா இல்லைங்க" என்றாள்.

சுத்தவாளி இல்லை என்கிறாள், வழமைதானே. குற்றவாளி என்று சிங்களத்தில் நீதவானுக்குச் சொன்னேன்.

"நே, சேர்" என்று கத்தினாள். நான் அப்படிச் சொல்லவில்லை, முதலியார் பிழையாகச் சொல்கிறார் என்று தெருச் சிங்களத்தில் படபடவென்று சொன்னாள். நீதவான் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவள் சொன்ன சொல் என்ன என்று கேட்டார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மலையகத்து ஆட்களின் வாயில் 'சுத்தமா இல்லை' என்றால் துளியும் இல்லை என்று அர்த்தம்; குற்றம் துளியும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் மனைவி பார்க்கிற இந்தியத் தொடர்களில் நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிற சொல். பிழை விட்டுவிட்டேன் சேர் என்று சொன்னால் போதும். முன்வரிசையில் சட்டத்தரணிமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழையே விடாத முதலியார் என்று அவர்களிடம் பேர் எடுத்தவன் நான். வெட்கம் வாயைப் பிடித்துக்கொண்டது.

"சுத்தம் இல்லை என்று சொன்னாள், சேர்" என்றேன். சொல்லுக்குச் சொல் சரி.

கோட்டில் அவளுடைய தெருச் சிங்களத்தைவிட முதலியாரின் சொல்லுக்குத்தான் மதிப்பு; நீதவான் தண்டத்தைப் பதிந்தார்.

விறாந்தையில் அவளைப் பிடித்தேன். "சீனியம்மா, அது வந்து…"

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்லைங்க. ஒங்களுக்கும் வயித்துப் பொழப்பு" என்றாள்.

சுதர்சினி அந்தத் தவணையோடு படிப்பை விட்டு இரத்மலானையில் ஒரு கார்மண்டுக்குத் தைக்கப் போனாள். அதிபரிடம் நானே போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மாதக் கணக்காக நினைத்தேன். போகவில்லை. நான் கோழை, வேறென்ன.

அந்த வழக்குக்கு அடுத்த மாதமே சீனியம்மாவைத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். நான் கேள்வியைத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்காமல் நீதவானிடம், "முதலியார் ஓனே நே, சேர்" என்றாள். முதலியார் தேவையில்லை. குற்றத்தையும் சிங்களத்திலேயே ஒத்துக்கொண்டாள்.

நான் ஓய்வு பெறும்வரை அவள் எத்தனையோ தரம் வந்தாள். என்னோடு பிறகு தமிழில் கதைக்கவேயில்லை.