ருக்குவின் இடது மெட்டி

ராஜேந்திரன் பார்த்த வேலையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். தூக்கி எறிவதற்கென்றே ஒரு சாமானைச் செய்யவேண்டும். அதையும் இம்மி பிசகாமல் செய்யவேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக லேத்தில் நின்றவர் அவர். குறை சொல்லி ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த ஆர்டர் 1995-இல் வந்தது. கொண்டுவந்தவர் அனந்தபத்மநாபன் என்ற இன்ஜினியர். வாய் ஓயாத மனுஷர். ராக்கெட்டின் கடைசித் துண்டு சுழன்றுகொண்டேதான் மேலே போகுமாம். சுழற்சியை நிறுத்தினால்தான் சாட்டிலைட்டை ஒழுங்காகக் கழற்றிவிட முடியுமாம். அதற்காக அதன் இடுப்பில் இரண்டு கம்பிகளைச் சுற்றி, நுனிக்கு ஒன்றாக இரண்டு பித்தளைக் கட்டிகளை மாட்டுகிறார்கள். நேரம் வந்ததும் கட்டிகள் எதிரெதிரே விரிந்து, சுழற்சியை வாங்கிக்கொண்டு கம்பியோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அவை யாருக்கும் வேண்டாம். பூமியைச் சுற்றிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

"மேல என்னென்ன சுத்துது தெரியுமா ராஜேந்திரன்? ஒருத்தர் கையில இருந்து கிளவுஸ் நழுவிப் போச்சு. ஸ்குரூ டிரைவர் போச்சு. மூட்டை மூட்டையா குப்பையைக் கட்டி வெளிய விட்டிருக்காங்க. அதுல உங்க கட்டியும் ரெண்டு!" என்று சிரித்தார் இன்ஜினியர். ராஜேந்திரன் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் அவர் மனைவி ருக்கு செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பன்னிரண்டாம் நாள் ஸ்ரீராமபுரம் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். ராஜேந்திரன் அழவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்தும் அழவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அது சூடா, சில்லென்றிருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தெருப் பொம்பளைகளுக்கு இது போதாதா? "இருவது வருசம் ஆக்கிப் போட்டவ. ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரேன் அந்தாளுக்கு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், சனியன்கள். ஆனால் பதினாலு வயது மகள் லாவண்யா தூணோரம் நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

அவர் என்ன வேண்டுமென்றா அழாமல் இருந்தார்? துக்கம் வரும் வரும் என்று அவரும்தான் காத்திருந்தார். வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாம்பாரில் உப்பில்லை என்று லாவண்யா சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். ருக்குவின் காலிலிருந்து கழற்றிக் கொடுத்த இரண்டு வெள்ளி மெட்டிகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தினம் வேலைக்குப் போய் வந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இரண்டு கட்டிகளும் ஒரே எடை இருக்கவேண்டும். பத்தில் ஒரு கிராம்கூட வித்தியாசம் கூடாது. முதல் கட்டி அச்சு வார்த்ததுபோல் வந்தது. இரண்டாவதில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ராஜேந்திரன் ஒரு சுற்று கூடுதலாகச் சீவிவிட்டார். தராசில் வைத்தால் மூன்றரை கிராம் குறைவு. பக்கத்து லேத்து நாகேஷ், கன்னடக்காரன், பழகின சிநேகிதன், வாயைப் பிளந்தான். "ஏனு ராஜேந்திரா, நீயா இப்படி?"

ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. எடையைச் சரிக்கட்டவென்றே கட்டியின் அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. குறைகிற எடைக்கு ஈயத்தைப் போட்டு மேலே திருகாணியை முடுக்கிவிடலாம். ஈயத் துண்டுகள் டப்பா நிறைய இருந்தன. இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. இடது கால் மெட்டியை எடுத்துத் தராசில் வைத்தார். கொஞ்சம் கூடுதல். அரத்தை எடுத்து ராவினார். இருபது வருஷம் அவள் காலில் தேய்ந்த வெள்ளி, பொடியாகத் துணியில் உதிர்ந்தது. எடை சரியாக நின்றது. மெட்டியை நசுக்கிக் குழியில் அடைத்துத் திருகினார். அப்போதும் அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

கட்டிகள் தேறின. அடுத்த வருஷம் மேலே போயின.

அதற்கப்புறம் அனந்தபத்மநாபன் பட்டறைக்கு வரும்போதெல்லாம் ராஜேந்திரன் கேட்பார்: "சார், அந்த ரெண்டும் இன்னும் சுத்துதா?" வேலைக்காரனுக்குத் தன் வேலையில் இருக்கிற பெருமை என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டார். "சுத்துது, சுத்துது. கம்பி நீளமா இருக்கிறதால ரேடார்ல தெரியுது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து!" சரி சார் என்று ராஜேந்திரன் மெஷினுக்குத் திரும்பிவிடுவார். அவர் மனசில் ருக்கு இன்னும் முழுசாகச் செத்துவிடவில்லை. எங்கேயோ ஒரு சுற்று போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

2000-இல் லாவண்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு அப்பா எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, அம்மா மெட்டியைக் குடு. உருக்கி எனக்கு மெட்டி பண்ணிக்கப் போறேன். அம்மாவுதா வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"இன்னொண்ணு?"

ஆஸ்பத்திரியில் தொலைந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூட மனசில் ஓர் அசைவு வேண்டுமில்லையா? நடந்ததை நடந்தபடி சொன்னார்.

லாவண்யா எழுந்து நின்றுவிட்டாள். "குப்பைன்னு தூக்கிப் போடுற சாமான்ல எங்கம்மாவை வெச்சு அடைச்சியா? அன்னிக்கும் நீ அழல. இப்பவும் எவ வீட்டுக் கதையோ மாதிரி சொல்ற. எனக்குத் தாலி கட்டும்போதாவது உனக்கு ஏதாவது ஆகுமா, இல்ல அப்பவும் இப்படியே நிப்பியா?"

அவளை அனுப்பிவைக்கும் நாளிலும் தனக்கு எதுவும் ஆகாதோ என்ற பயம் ராஜேந்திரனுக்கும் இருந்தது. பயம் என்ன பயம், அதுகூட எங்கேயோ தூரத்தில்தான் கேட்டது. அன்றிலிருந்து லாவண்யா பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டு வரும், சோறு வரும், பேச்சு மட்டும் வராது. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

மூன்றாவது வாரம் அனந்தபத்மநாபன் வந்தார். புது ஆர்டர் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். இந்தத் தடவை ராஜேந்திரன் கேட்குமுன்பே அவராகச் சொன்னார்: "உங்க கட்டி ரெண்டும் போயிடுச்சு ராஜேந்திரன். தாழ இறங்கி இறங்கி, காத்துல பட்டு எரிஞ்சு போச்சு. முதல்ல ஒண்ணு, போன செவ்வாக்கிழமை இன்னொண்ணு. மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. சரி, இதைப் பாருங்க, இந்த பிராக்கெட்டு..."

"எரிஞ்சு போச்சா சார்?"

"எரிஞ்சுதான் போகும். பின்ன?"

ராஜேந்திரன் மெஷினை நிறுத்தினார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பட்டறைக்குப் பின்னால் தொட்டியடிக்குப் போனார். பெயின்ட் டப்பாவில் தண்ணீர் மொண்டு, உடுத்தின துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாகேஷ் பதறிப்போய் ஓடி வந்தான்.

"ஏனாயித்து ராஜேந்திரா? ஊர்ல யாராவது தவறிட்டாங்களா?"

"வீட்ல சாவு."

"ஐயோ, யாரு?"

"ருக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்னால் ருக்குவின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நாகேஷ். டப்பாவை வாங்கித் தானே மொண்டு ஊற்றினான். தண்ணீர் சில்லென்றிருந்தது. அது ராஜேந்திரனுக்குத் தெரிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

ஈரத்தோடேயே பஸ் ஏறி மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த லாவண்யா சொட்டுகிற தலையைப் பார்த்தாள், வீங்கின கண்ணைப் பார்த்தாள். சாவு கேட்டவன் தலைக்கு ஊற்றிக்கொள்வான் என்று தெரியாத பெண்ணா அவள்? மூன்று வாரமாகப் பூட்டியிருந்த வாய் திறந்தது.

"யாருப்பா?"

"அம்மா போயிட்டாம்மா. செவ்வாக்கிழமை." அதற்குமேல் அவரால் முடியவில்லை. நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லாவண்யா கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஈரத் தலையோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சில் அந்த ஒற்றை மெட்டி இருந்தது. அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இதை உருக்கி ரெண்டா அடிச்சுக் குடுப்பா. நீயே பண்ணு. சன்னமா இருந்தாலும் பரவால்ல."