கண்ணாடிக்குள் இன்னொரு கரிச்சான்

நிலத்தைப் பங்கு பிரித்த ஆண்டில், எங்கள் மோட்டார்சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கொத்த வந்த குருவி, இறந்துபோன தாத்தாதான் என்று வீட்டில் நம்பினார்கள். கறுப்பும் வெள்ளையுமான குண்டுக்கரிச்சான் அது. விடிந்ததும் முருங்கைக் கிளையில் அமர்ந்து குழைந்து குழைந்து பாடும். அடுத்த கணம் கண்ணாடியின் மேல் பாய்ந்து அலகாலும் நகத்தாலும் மோதும். கண்ணாடியில் மெல்லிய ரத்தக் கோடுகள் படிந்திருக்கும். அவ்வளவு இனிய குரலுக்குள் அத்தனை வெறி இருந்தது எனக்குப் பெரும் அச்சமாக இருந்தது.

“மாமாதாங்க வந்திருக்காங்க. பங்கு பிரிச்சது அவங்களுக்குப் பொறுக்கல” என்றாள் அம்மா.

“எங்கப்பாவா இருந்தா அண்ணன் வீட்டு வண்டியத்தான கொத்தணும்? வாய்க்கா ஓரத்து வயலு அங்கதான போச்சு” என்றார் அப்பா.

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் பெரியப்பாவின் பேச்சு வந்தாலே அவருடைய கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்திருந்தேன். அம்மா ஒரு பழைய துண்டால் கண்ணாடியை மூடினாள். குருவி சற்றுத் தேடிவிட்டு, முருங்கைக்குப் போய்ச் சாதுவாகச் சிறகு கோதியது. தாத்தாவின் மனம் ஆறிவிட்டதென்று அம்மா கும்பிட்டாள். எதிரில் தெரியும் முகத்தை மறைத்தால் போதும் என்று நான் புரிந்துகொண்டேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரில் அண்டை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்கும் வேலை அது. கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கினால் வரப்பு அடுத்தவர் பக்கம் நகர்ந்துவிடும். பெரியப்பா அப்படித்தான் செதுக்குகிறார் என்று யாரோ வந்து சொன்ன காலையில், அப்பா காப்பியைக்கூடத் தொடாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“பாப்பா, பின்னாலயே ஓடு. நீ நின்னா அப்பா கை ஓங்க மாட்டாங்க” என்றாள் அம்மா. அவள் உதடு வெளுத்திருந்தது. நான் கண்ணாடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு ஓடினேன்.

பெரியப்பா கீழே சேற்றில் குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வரப்பின் மேல் நின்றார். அதே நெற்றி, அதே மூக்கு, காதோரத்தில் அதே நரை.

“அண்ணன்னு பாக்கிறேன்.”

“பாக்காதடா. வெட்டு. ஒம் பொண்ணும் வந்திருக்கு, அப்பன் வீரத்தப் பாக்கட்டும்.”

அப்பாவின் மண்வெட்டி தோளுக்கு மேல் எழுந்தது. பாய்ந்து சென்று பெரியப்பாவின் தலைமேல் துண்டைப் போர்த்தினேன்.

“யாரது? பாப்பாவா?” என்றது துண்டுக்குள்ளிருந்த குரல்.

மண்வெட்டி சேற்றில் விழுந்தது. அப்பா என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வீடு வரும்வரை பிடியைத் தளர்த்தவேயில்லை. துண்டு பலித்துவிட்டதென்றே நான் நினைத்தேன். வாசலில், திறந்து கிடந்த கண்ணாடியோடு குருவி மீண்டும் மோதிக்கொண்டிருந்தது.

இன்று கல்லூரியில் இதைப் பாடமாக நடத்துகிறேன். பாடும் பருவத்தில் ஆண் குருவியின் உடலில் ஊறும் ஹார்மோன் மூளைக்குள் சென்று வேறொன்றாக உருமாறுகிறது. பிறகு தன் எல்லைக்குள் தெரியும் தன் இனத்து ஆண் முகம் எதுவும் அதற்குப் பகைதான். பருவம் முடிந்தால் பெரும்பாலும் தணியும். சில இனங்களிலோ, பருவம் போன பிறகும் மூளை தானே அதை ஊற வைத்துக்கொள்கிறது. மனிதரைப் பற்றி அந்தப் பாடம் எதுவும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

ஆடி கழிவதற்குள் குருவி கண்ணாடியை மறந்தது. அப்பாவும் மறப்பார் என்று காத்திருந்தேன். அண்ணனும் தம்பியும் அதன்பின் பேசிக்கொள்ளவேயில்லை. அன்று என் கையைப் பிடித்திருந்தவர் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியவில்லை.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அப்பாவின் முகத்தோடு பெரியப்பா மட்டும் இருக்கிறார்.