மூணாம் லைனுக்கு ஏறிய சார்ட்

எங்கள் கம்பெனியில் ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற கம்பெனி. நாலு லைன் ஓடுகிறது. எந்த லைனில் எத்தனை பாகம் ரிஜெக்ட் ஆனது என்பதை அந்தந்த லைனிலேயே டேப்லெட்டில் ஏற்றிவிடுவார்கள். நான் எழுதிய ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து 'லைன் நம்பர்?' என்று கேட்கும். நம்பரைத் தட்டினால் அந்த லைனின் சார்ட் மட்டும் வரும். ஒன்றும் தட்டாமல் என்டர் அடித்தால் நாலு லைனும் சேர்ந்து வரும். எல்லாம் என் தாராள மனசுதான். எங்கள் மேனேஜருக்கு எர்ரர் மெசேஜ் என்றாலே ஆகாது, கம்ப்யூட்டர் தன்னை எதிர்த்துப் பேசுவதாக நினைப்பார். காலியாக விட்டாலும் எதையாவது காட்டித் தொலைக்கட்டும் என்று அப்படி வைத்தேன்.

வியாழக்கிழமை மீட்டிங்குக்கு இந்த சார்ட்களை பிரிண்ட் எடுப்பவர் குவாலிட்டி ஆபீஸ் அண்ணன். ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டார். கீபோர்டைக் குனிந்து பார்த்து, ஒற்றை விரலால் நம்பரைக் குத்தி, என்டரைக் குத்தி, பிரிண்ட் வந்ததும் தாளின் தலையில் சிவப்பு மையால் 'லைன் 1', 'லைன் 2' என்று எழுதுவார். அவர்தான் எழுதுகிறாரே என்று தலைப்பில் லைன் நம்பர் வருகிற மாதிரி நான் செய்யவில்லை.

மூணாம் லைனுக்கு இன்சார்ஜ் ஒரு பெண். பழவேற்காடு பக்கத்துக் குப்பம். அவள் அப்பா இன்றைக்கும் ஏரியில் இறால் பிடிக்கிறார். இவள் டிப்ளமோ முடித்து, ஆபரேட்டராகச் சேர்ந்து, இந்த வருஷம்தான் இன்சார்ஜ் ஆனாள். எங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு லைனைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து என்னோடு ரயில் ஏறுவாள். ரயிலில் வாய் ஓயாது. எனக்குக் காலையில் யாரும் பேசினாலே எரிச்சல் வரும், இவள் பேச்சுக்கு மட்டும் வராது.

ஆயுத பூஜை முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை, மூணாம் லைன் சார்ட் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. அடுத்த வியாழக்கிழமையும் அதே உயரம். கண்ணு பட்டுடுச்சு, பூசணிக்காய் சுத்திப் போடு என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். மேனேஜர் யோசனை சொல்லவில்லை. "இன்னொரு வாரம் பாப்பேன். அப்பவும் இப்டியே இருந்தா லைனை வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்ன பேக்கிங்ல போட்டுடுவேன்" என்றார். இரண்டாம் லைன் இன்சார்ஜ் தாளைப் பார்க்கிற மாதிரி குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ரயிலில் பேச்சு நின்றுபோனது. ஷிஃப்ட் முடிந்தும் அவள் கிளம்புவதில்லை. ரிஜெக்ட் தொட்டியைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கவரப்பேட்டை தாண்டும்போது சொன்னாள்.

"எண்ணிப் பாத்தா அவ்ளோ வர்லக்கா. ஆனா சார்ட்டு நீ போட்டதாச்சே, அது தப்பா இருக்குமா? நான்தான் எங்கியோ கோட்ட உட்டுக்கினு கீறேன் போல."

தன் கையால் எண்ணியதைவிட என் சார்ட்டை அவள் நம்பினாள். நான் அந்தத் தாளை ஒரு தடவை கூட உற்றுப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. போனதும் போகாததுமாக என் சிஸ்டத்தில் ரிப்போர்ட்டைத் திறந்து 3 என்று தட்டினேன். சார்ட்டில் பார்கள் எல்லாம் குட்டி குட்டியாக, எப்போதும்போல வந்தன. அண்ணன் எடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தேன். அதே ரிப்போர்ட், அதே வாரம், ஆனால் இரண்டு படம். அவளைக் கூட்டிக்கொண்டு நேராக அண்ணன் மேஜைக்குப் போனேன்.

"அண்ணே, மூணாவத எடுங்க."

அவர் வழக்கம்போலக் குனிந்தார். இந்தத் தடவை நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அவர் விரல் குத்தியது. பெட்டி காலியாகவே இருந்தது. என்டரைக் குத்தினார். நாலு லைனின் ரிஜெக்ட்டும் சேர்ந்து ஓங்கி எழுந்து நின்றது. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஐயோ, எழுதாதீங்க!"

கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கிற மாதிரி, பூஜையன்று அண்ணன் நாலு மூலையிலும் சந்தனம் வைத்திருக்கிறார். பன்னீரில் தாராளமாகக் கரைத்த சந்தனம். நம்பர்கள் தனியாக இருக்கிற வலது கீழ் மூலையில் வைத்தது உள்ளே இறங்கி, காய்ந்து, 3 என்ற பட்டனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மேல் மூலையில் எஸ்கேப் பட்டனும் அசையவில்லை. எங்கள் கம்பெனியில் அதை யார் தேடினார்கள்?

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "சாமிக்குத்தானேம்மா வெச்சேன்" என்றார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என்னைத் தனியாக இழுத்து, "மீட்டிங்ல சந்தனம்னு சொல்லாதக்கா, பாவம், அந்த அண்ணனப் போட்டு ஓட்டியே கொன்னுடுவானுங்கோ" என்றாள். எனக்கு இருந்த கோபத்துக்கு ஊரையே கூட்டியிருப்பேன். அவள் சொன்னதால் அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே ரிப்போர்ட்டைத் திருத்தினேன். இனிமேல் காலியாக விட்டால் அது நகராது. எல்லா லைனும் வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். என்ன தேர்ந்தெடுத்தோமோ அது சார்ட்டின் தலையிலேயே கொட்டை எழுத்தில் வரும். சிவப்புப் பேனாவுக்கு வேலை போயிற்று.

மறுநாள் மீட்டிங்கில், கீபோர்டு பழுது என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய வாரங்களையும் சரியாக எடுத்து வைத்தேன். மூணாம் லைன்தான் நாலிலும் தாழ்வாக இருந்தது. இரண்டாம் லைன் இன்சார்ஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு தாளை நீட்டினேன். அவளை பேக்கிங்குக்கு அனுப்பப் பார்த்த அதே சார்ட், அதே உயரம். தலைப்பு மட்டும் 'எல்லா லைன்களும்'. மேனேஜர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நார்மல்தான்" என்று நகர்த்தி வைத்தார். அவளிடம், "சரிம்மா, நீயே பாத்துக்கோ" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்கால ரயிலில் இடம் கிடைத்தது. பழைய பேச்செல்லாம் சேர்த்து இன்றைக்கு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி நகர்வதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை நாள் தூக்கமோ. எனக்கும் அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

பொன்னேரி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் அசையவில்லை.

மீஞ்சூரில்தான் கண் விழித்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள். "இன்னாக்கா, எழுப்பக் கூடாதா? திரும்பி வண்டி புடிச்சி, பஸ் புடிச்சி, நான் எப்போ ஊட்டுக்குப் போறது?"

மீஞ்சூர் பிளாட்பாரத்தில், திரும்பிப் போகும் வண்டி வரும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.