வான்மதி ஓய்வெடுக்கிறாள்

காலையில் காபி ஆறுவதற்குள் வான்மதி கராஜுக்கு வந்துவிடுகிறாள். வலது கை கழுத்தில் மாட்டிய துணிப்பட்டையில் தொங்குகிறது. இடது கையில் பழைய டூத் பிரஷ். அப்பா தலைகீழாக நிறுத்தி வைத்த சைக்கிளின் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்க்கிறாள்.

"ஓடாத சைக்கிள்ல என்ன சாமி அழுக்கு?" என்பார் அப்பா செல்வராஜ், ஆபீசுக்குக் கிளம்பியபடி.

"சும்மா இருந்தா கை அரிக்குதுங்கப்பா."

கோபியில் பிறந்து, எட்டு வயதில் அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்தவள். இப்போது இருபத்தைந்து. சைக்கிள் ஓட்டுவதுதான் அவள் வேலை. ஒரு சின்னப் பெண்கள் அணி சம்பளம் கொடுத்து அவளைப் பந்தயங்களுக்கு அனுப்புகிறது. இதை ஊர்க்காரர்களுக்கு விளக்குவது மலையேறுவதைவிடக் கஷ்டம்.

"உங்கப்பா ரெண்டு கார் வெச்சிருக்காரு. நீ ஏம்மா சைக்கிள்ல போற?" என்று மௌரி அவென்யூ மளிகைக் கடையில் நாகலக்ஷ்மி ஆன்ட்டி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"கார்ல போனா பிரைஸ் குடுக்க மாட்டேங்குறாங்க ஆன்ட்டி," என்றாள் வான்மதி, கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே.

பந்தயச் சட்டையின் முதுகுப் பைகளில் மற்றவர்கள் சாக்லேட் வைப்பார்கள். இவள் மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லிகளை வைப்பாள். செங்குத்தான ஏற்றத்தில் பக்கத்தில் வரும் பெண்ணிடம் வெயிலைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பாள். தனக்கு மூச்சு வாங்கவில்லை என்று காட்டத்தான். உண்மையில் வாங்கும்.

ஜூலைக் கடைசியில் ஒரு தெருப் பந்தயத்தில், வளைவில் விழுந்தாள். எழுந்தாள், ஏறினாள், மீதிச் சுற்றுகளை ஓட்டி நான்காவதாக வந்தாள். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கியபோதுதான் காரை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

"வலிக்கலையா கண்ணு?" என்று அம்மா வசந்தாமணி பதறினாள்.

"வலிச்சுதுங்கம்மா. ஆனா முன்னாடி மூணு பேரு போய்ட்டிருந்தாங்களே."

போன வருடம் மணிக்கட்டில் அடிபட்டபோதும் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டியவள்தான். சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டியது பாதி வருடத்தைத் தின்றது. இந்த முறை இன்னொரு தடவை விழுந்தால் எலும்பில் தகடு வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் பந்தயம் இருக்கிறது. அடுத்த வருடம் அணியில் யார் யார் என்று அங்கே பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே வான்மதி ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். இப்போது ஏரியைச் சுற்றி நடை. பிறகு, வீட்டுக்குள் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளில் மிதிப்பது. டாக்டர் சரி என்றால் சமதளம். மலை கடைசியில். சொல்லும்போது எளிதாக இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் அணி மேனேஜர் கேரன் போன் செய்தார். சனிக்கிழமைப் பந்தயத்துக்கு ஓர் ஆள் குறைகிறதாம். தோளில் டேப் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கைக்குக் கிளம்பினால் போதும், பாதியில் இறங்கிவிடலாம் என்றார். வான்மதியின் வாய் 'சரி' என்று சொல்லத் திறந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தாமணியின் கை நின்றது.

"நான் வந்தால் பாதியில் இறங்க மாட்டேன், கேரன்," என்றாள் வான்மதி ஆங்கிலத்தில். "அதனால் வரவில்லை. செப்டம்பருக்கு வருகிறேன்."

"அப்படியானால் செப்டம்பரில் நீ முழு ஆளாக வர வேண்டும்," என்று சொல்லிக் கேரன் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை காற்றே இல்லை. தெருவில் நான்கு பேர் வரிசையாகச் சைக்கிளில் நைல்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம் போனார்கள். வான்மதி கராஜிலிருந்து, அவர்கள் முனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு ஒற்றைக் கையால் அச்சின் பூட்டுப் பிடியைத் தளர்த்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, கார் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கொண்டுபோனாள்.

"இத ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிருங்கப்பா. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"குபெர்டினோ ஆபீசுக்கா? அங்க கம்ப்யூட்டருக்கு வரப்போற ரெண்டாயிரமாவது வருஷப் பிரச்சனையப் பாக்கவே ஆளில்ல. இத யாரு சாமி பாத்துக்குவா?"

"பாத்துக்க வேண்டாங்கப்பா. என் கண்ணுல படாம இருந்தாப் போதும்."

செல்வராஜ் சிரித்துக்கொண்டே டிக்கியைத் திறந்தார். வான்மதி தலையை ஆட்டி மறுத்தாள். முன்பக்கக் கதவைத் திறந்து, சக்கரத்தை அப்பாவின் பக்கத்து சீட்டில் நிமிர்த்தி வைத்து, இடது கையால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.