வெட்டக் காத்திருந்த வான்கோழி

என் அப்பா டெல்மர் ஹாக், பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்க் கடையில் இறைச்சி வெட்டுபவர். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி கல்லூரி முடித்தாள். அது நான். முடித்துவிட்டு வந்து, இனி இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றேன். அவர் தொழிலை நான் குறை சொல்கிறேனா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன், இன்னும் தெளிவில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நன்றி நாள் விருந்துக்கு நீ என்னத்தம்மா சாப்பிடுவே?"

நவம்பரில் வரும் நன்றி நாளன்று முழு வான்கோழி சுடுவது அமெரிக்க வழக்கம்; எங்கள் வீட்டில் ரொட்டிப் பூரணம் அதன் வயிற்றுக்குள்தான் வேகும். அந்த வருடம் அப்பா எனக்கென்று தனித்தட்டில் செய்தார். முந்தின நாளே ரொட்டியைப் பிய்த்துக் காயவைத்தார். வெங்காயத்தையும் செலரித் தண்டையும் வெண்ணெயில் வதக்கி, கோழிச் சாற்றுக்குப் பதில் காளான் வெந்த நீரை ஊற்றினார். ருசி பார்த்து முகத்தைச் சுளித்தார். சேஜ் என்ற வாசனை இலையை இன்னும் கொஞ்சம் கசக்கிப் போட்டார்.

"என்னண்ணே, முயலுக்குச் சமைக்கிறியா?" என்றார் வெர்ன் சித்தப்பா.

"ஆமாடா, படிச்ச முயலு. நீ எட்டிப் போ."

என் பூரணம் மேலெல்லாம் மொறுமொறுவென்று வெந்து, தட்டோடு மேசைக்கு வந்தது. வான்கோழியை வெட்ட அப்பா கத்தியைத் தீட்டப் போனார். பூரணத்தைக் கண்டால் வான்கோழிச் சாறு ஊற்றாமல் எங்கள் ஆட்களுக்குக் கை நிற்காது. சித்தப்பா பேச்சு சுவாரசியத்தில் என் தட்டிலும் தாராளமாக ஊற்றிவிட்டார்.

"அடக் கடவுளே, பழக்க தோஷம்!" என்று கரண்டியோடு அப்படியே நின்றார்.

"பரவால்லப்பா, நான் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கறேன்" என்றேன், கத்தியோடு திரும்பி வந்த அப்பாவிடம்.

அப்பா வெட்டாமல் எங்கள் மேசையில் யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தட்டு வேகட்டும். அப்புறந்தான் வெட்டுவேன்."

"வான்கோழி ஆறிப் போயிரும்ணே!"

"ஆறட்டும்டா. நான் வெட்டுனதத் திங்க ஊரே இருக்கு. இது என் மக தட்டு. நீ வெங்காயத்த உரி."

சித்தப்பா முணுமுணுத்தபடி உரித்தார். மிச்ச ரொட்டியை அடுப்பிலேயே உலர்த்தினோம். பசியோடு காத்திருந்தவர்கள் கேலி பேசினார்கள். அப்பா காதில் வாங்கவில்லை. இரண்டாவது தட்டின் ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது. நடுவிலிருந்து எடுத்து எனக்குப் பரிமாறிவிட்டு, நான் மெல்வதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பு?"

"சரியா இருக்குப்பா. இன்னும் கொஞ்சம் வைங்க."

"பின்னே, யாரு செஞ்சது!" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அப்பா கத்தியை எடுத்தார்.