சித்தியின் உயரக் கொண்டை

பழைய திரைப்பட நாயகிகள் வைத்துக்கொண்ட உயரக் கொண்டைக்கு இப்போது மறுபடியும் மவுசு. அடுத்த மாதம் மணமேடை ஏறவிருக்கும் என் தங்கை, சித்தியின் படத்தைக் காட்டி, அச்சு அசலாக இப்படியே வேண்டும் என்று அலங்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபத்தில் மாமாவின் கல்யாணம். சித்தியும் சித்தப்பாவும் குவீன்ஸ்டவுனிலிருந்து டாக்சியில் வந்திறங்கினார்கள். முடியைப் பின்னோக்கிச் சீவி உப்பவைத்து, ஸ்பிரே அடித்து நிறுத்திய கொண்டை சித்தியைச் சித்தப்பாவைவிட உயரமாக்கியிருந்தது. என் கண்ணுக்கு மணப்பெண்ணே இரண்டாம்பட்சம்.

"கொண்டைக்குள்ள பால் டின் இருக்கு லா. பந்தயம் கட்டுறியா?" என்றான் பெரியம்மா மகன்.

குடும்பப் படத்துக்காகப் பிள்ளைகளைப் பின்வரிசையில் நாற்காலிமீது ஏற்றினார்கள். எனக்கு நேர் முன்னே சித்தி. கைக்கு அகப்பட்ட ஊசிகளை உருவினேன். கொண்டை சரிந்து, உள்ளே அடைத்திருந்த நைலான் காலுறைச் சுருள் தரையில் விழுந்தது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் சிவந்து கன்றியிருந்தது.

சிரிக்கத் தொடங்கிய யாரோ பாதியில் நிறுத்தினார். "ஷாம்பூவ மாத்துடி" என்றார் பெரியம்மா, எங்கோ பார்த்தபடி. அம்மா என் முதுகில் அறைந்தார்.

சித்தப்பாதான் தடுத்தார். "விடுங்க அண்ணி, சின்னப் பிள்ள." குனிந்து ஊசிகளைப் பொறுக்கி, துடைத்து, ஒவ்வொன்றாகச் சித்தியிடம் நீட்டினார். சித்தி தலை நிமிராமல் வாங்கிச் செருகிக்கொண்டாள். கொண்டை மறுபடியும் எழுந்தது. படமும் எடுத்தாயிற்று.

பந்திக்கு முன் சித்தி அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்துரட்டுமா?"

"இன்னிக்கா? சம்பந்தி வீட்டு ஆளுங்க இருக்காங்கடி. என்ன நினைப்பாங்க? ரெண்டு நாள் போகட்டும்."

சாப்பிடாமலே இருவரும் கிளம்பினார்கள். தோளில் கைபோட்டுச் சித்தியை டாக்சிவரை அழைத்துப்போன சித்தப்பாவை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் என்மீது கோபப்படாத ஒரே பெரியவர் அவர் என்று நெடுங்காலம் நம்பினேன். அவர் கோபம் வீட்டுக் கதவு சாத்தும்வரை பொறுத்திருக்கக்கூடியது என்பதை அன்று அங்கே அறியாதவள் நான் ஒருத்திதான்.