நாத்தனார் முடிச்சு

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலிக்கு மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் அவனுடைய அக்கா தங்கைக்கு. பெண்ணின் பின்னால் நின்று கழுத்தோரம் கைகளைக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரம் மண்டபமே அந்தக் கைகளைத்தான் பார்க்கும்.

என் கைகள் இரண்டு நிறம். முப்பது வயதைத் தாண்டியபின் விரல்நுனியில் தொடங்கிய வெண்மை, மணிக்கட்டு ஏறி, உதட்டோரம் படிந்து, கண்ணைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் ஒட்டாது, வலிக்காது என்றார் டாக்டர். உடம்பைப் பற்றித்தான் சொன்னார். "தாயி, நீ சின்னாளப்பட்டி போயி புள்ளிச் சுங்குடிச் சேலை வாங்கவே வேணாம், உடம்போட கெடக்கு" என்று மாமா ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. பிறந்த பிள்ளை சிவக்க வேண்டுமென்று கடலைமாவு தேய்க்கிற திண்டுக்கல்லில், வெளுப்பு கேட்காமலே என்மேல் வந்து இறங்கியபோது மட்டும் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். விலக்கினேன். மறுபடி மூடினேன்.

தம்பிக்கு நாற்பதை நெருங்கும்போதுதான் பெண் அமைந்தது. கல்யாணத்தன்று காலை அம்மா என்னை உடைமாற்றும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"முடிச்ச சித்தி மக போடட்டும். நீ பக்கத்துல நில்லு, போதும்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"கத்தாத தாயி. பொண்ணு வீட்டுல ஒரு மாதிரியாக் கேக்குறாக. வீடியோவுல காலத்துக்கும் நிக்கும்ல?"

அவன் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். அந்த முடிச்சைத் தவிர இந்தக் கல்யாணத்தில் எனக்கென்று எதுவுமே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மூஞ்சிக்கும் கைக்கும் பூசிக்கொண்டு வருகிறேன், ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். எதற்கும் சம்மதித்திருப்பேன்.

அம்மா அரைமனதாகத் தலையாட்டினாள். பெண்ணுக்கு அலங்காரம் செய்யவந்த பார்லர் பெண் தன் பெட்டியைத் திறந்து கிளறினாள். எல்லாம் வெளுப்பு, மாநிறம். என் கறுப்பு அதில் இல்லை.

"அக்கா, ஒங்க கலருக்கு இதுல ஒண்ணுமே இல்லையேக்கா. பேசாம மிச்சத்தையும் வெள்ளையாக்கிருவோமா?"

சிரிப்பு வந்தது. அது நின்றபோது கண்ணில் நீர். அவள் பதறிப்போய் இரண்டு பூச்சோடு கண்மையைக் குழைத்து, ஒரு பழுப்பை உண்டாக்கி, என் முகத்திலும் விரல்களிலும் அப்பினாள்.

மேடையில் விளக்குகளின் சூடு. கெட்டிமேளம். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையெடுத்தான். நான் மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். வேர்வையில் பூச்சு எண்ணெயாக இளகிவிட்டிருந்தது. முடிச்சு வழுக்கியது. மறுபடி போட்டேன், மறுபடி நழுவியது. கயிறெல்லாம் பழுப்பு, பெண்ணின் பிடரியிலும் பழுப்பு. தாலிமுடிச்சு நிற்கவில்லை என்றால் ஊர் யாரைச் சொல்லும்?

"என்னாச்சு மதினி?" என்றாள் பெண், திரும்பாமல்.

"ஒண்ணுமில்லடா. அசையாத."

பட்டுச்சேலை முந்தியில் இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்தேன். என் வெள்ளை விரல்கள், என் கறுப்பு விரல்கள், எல்லாம் விளக்கு வெளிச்சத்துக்கு வந்தன. முடிச்சுகளை இறுக்கிப் போட்டேன். நின்றன. துணிச்சல் என்று பிறகு ஒரு தோழி சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை. ஒளிக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

பந்தியில் பக்கத்தில் இருந்த பெண் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தேன். பந்தி விசாரித்து வந்த அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"சாயங்கால ரிசப்ஷனுக்கும் அந்த பார்லர் புள்ளைய வரச் சொல்லிருக்கேன். வேர்வைக்குக் கரையாத பூச்சு இருக்காம்."

"வேணாம்மா."

காதில் விழாதவள்போல அடுத்த இலைக்கு நகர்ந்தாள். "இங்க கொஞ்சம் ரசம் விடுங்கப்பா!"

பாதிப் பந்தியில் எழுந்திருக்கக் கூடாது. எழுந்து நின்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை.

"வேணாம்னு சொல்றேன்ல!"

வாளியோடு வந்தவர் நின்றார். வரிசை மொத்தமும் என் கையை நிமிர்ந்து பார்த்தது. கை அங்கேயே இருந்தது, சோற்றுப் பருக்கைகளோடு.